பிள்ளை முதலில் யாரிடம் சொல்வாள்?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு உயர்தர மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவிகளுக்குமாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையப் பாதுகாப்புப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக, கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், முன்பின் தெரியாதவரின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள் என்று தொடங்குவார்கள். அவையும் தேவைதான், பிறகு வருகிறேன். அதற்கு முதல் எங்கள் மண்ணில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச் மாதம் கொரோனா காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விரிவுரைகள் சூம் வழியாக நடக்கத் தொடங்கின. சிக்னல் தேடிக் குளக்கட்டுக்குப் போன பிள்ளைகள் வன்னியிலும் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்தைப் பற்றி ஒரு செய்தி வெளிவந்தது. புதுமுக மாணவிகளைச் சிரேஷ்ட மாணவர்கள் சிலர் தொலைபேசி வழியாகப் பகிடிவதைக்கு உட்படுத்துகிறார்கள், ஆபாசமாகப் பேசுகிறார்கள், உடல் தெரியும் படங்களை அனுப்பும்படி கேட்கிறார்கள் என்பது முறைப்பாடு. செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பல்கலைக்கழக நிர்வாகமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் விசாரணையில் இறங்கின.

யார் செய்தது, எவர் செய்தது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். அந்தப் பீடத்தைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றைத்தான். பகிடிவதை என்றால் வளாகத்துக்குள் நடப்பது, விடுதிக்குள் நடப்பது என்று நினைத்திருந்தோம். பிள்ளை வீட்டுக்கு வந்தால் தப்பினாள் என்று நினைத்திருந்தோம். அந்த மாதங்களில் வளாகம் பூட்டிக் கிடந்தது. பிள்ளை வீட்டில்தான் இருந்தாள், அம்மா சமைக்கிற அடுப்படிக்கு அடுத்த அறையில். அங்கே வைத்துத்தான் அந்த அழைப்பு வந்தது.

இப்படியான பகிடிவதை பொதுவாக எப்படித் தொடங்குகிறது என்று தங்கைமார் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் புதிய அணிக்கு ஒரு வட்ஸ்அப் குழு உருவாகும். உதவி செய்வதாகச் சொல்லி அண்ணா ஒருவர், அக்கா ஒருவர் அதற்குள் வருவார்கள். உண்மையிலேயே உதவி செய்கிறவர்கள்தான் கூட. ஆனால் குழுவுக்குள் வந்ததும் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு ஓர் இரவு தனியாக அழைப்பு வரும். முதலில் கேட்பது சின்ன விடயம்: பெயரைச் சொல்லு, ஒரு பாட்டுப் பாடு, ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லு. அதற்கு இணங்கினால் அடுத்த நாள் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பிறகு ஒரு படம், சாதாரணப் படம். அதன்பிறகு வேறு படம். ஒவ்வொரு படியிலும் கூடவே வருகிற கட்டளை ஒன்று உண்டு: "இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது." காதலன் என்று வந்தவன் மிரட்டும்போதும் இதே கட்டளைதான். முகம் தெரியாத ஒருவன் முகநூலில் பெண் பெயரில் வந்து மிரட்டும்போதும் இதேதான். இன்றைக்குக் கல்லூரி விழாவில் எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வேறோர் உடம்பில் ஒட்டிவிட்டும் மிரட்டலாம். அந்தப் பிள்ளை எந்தப் படமும் அனுப்பவில்லை. ஆனாலும் அவளுக்கும் அதே கட்டளைதான் போகும்.

அவனுக்கு ஏன் அந்தக் கட்டளை அவ்வளவு தேவைப்படுகிறது? அவனுடைய பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டாள் என்றால், அவன் கையில் மிஞ்சுவது ஒரு படமும் தன்னுடைய குற்றத்துக்கான சாட்சியும் மட்டுமே.

சரி, அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? பெற்றோர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் மாவட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போவது சின்ன விடயமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று ஒதுக்கப்படும் 5 சதவீத இடங்களுக்கு உரிய மாவட்டங்கள். இடம்பெயர்ந்து, கொப்பி புத்தகத்தைத் தறப்பாளுக்குள் சுற்றிக்கொண்டு ஓடிய தலைமுறையின் பிள்ளைகள் அந்த இடத்துக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளை மிரட்டுகிறவனுக்குப் பயப்படுகிறாள், உண்மை. அதைவிடக் கூடுதலாக வீட்டுக்குப் பயப்படுகிறாள். "தெரிஞ்சால் படிப்பை நிப்பாட்டிப் போடுவினம். போனைப் பறிச்சுப் போடுவினம். கலியாணம் பேசத் தொடங்கிவிடுவினம்." இந்தப் பயத்தில் நியாயமில்லை என்று எந்தப் பெற்றோராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

அதனால் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளை வந்து சொல்லும்போது உங்கள் வாயிலிருந்து வரப்போகிற முதல் வசனத்தை இன்றைக்கே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் வராது. கோபம்தான் முந்திக்கொண்டு வரும். "நீ ஏன் அனுப்பினனீ?" என்று வரும். "அப்பவே சொன்னனான், போன் வேண்டாமெண்டு" என்று வரும். அந்தக் கேள்விகளுக்கு வேறு நாள் இருக்கிறது. அன்றைக்கு வேண்டியது, "சரி பிள்ளை, சொல்லிப்போட்டாய், நல்லது. இனி நான் பாக்கிறன்" என்பதுதான். பாடசாலையில் ஒரு ரீச்சரிடம் வந்து சொன்னாலும் இதுதான். சொல்லிய விடயம் ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசப்படும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவந்தால், அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது.

போனைப் பறிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கோபத்தில் போனை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். செய்தி, இலக்கம், திகதி, நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி திரைப்படம் எடுத்து, அதாவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து, இன்னொரு நம்பிக்கையான போனிலும் வைத்துவிட்டுத்தான் அவனைத் தடைசெய்ய வேண்டும். பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் இவர்கள் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்த கிழமையும் கேட்பான். "இன்னும் ஒரு படம் அனுப்பினால் பழையதை அழிக்கிறேன்" என்றால் அதையும் நம்பக்கூடாது.

படம் பரவிவிடும் என்ற பயம்தான் பிள்ளைகளை உருக்குலைக்கிறது. இதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. 18 வயதுக்குள் இருந்தபோது எடுக்கப்பட்ட படம் என்றால், 2023இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டேக் இட் டவுன் என்ற சேவை இருக்கிறது. இரண்டும் இலவசம், எந்த நாட்டிலிருந்தும் பாவிக்கலாம். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு நீண்ட எண் உருவாக்கப்படும். படத்தின் கைநாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டைப் பார்த்து ஆளின் முகத்தை வரைய முடியாதல்லவா? அதுபோல அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. அந்த எண் மட்டும் முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். யாராவது அந்தப் படத்தை அங்கே ஏற்றினால் கைநாட்டு ஒத்துப்போவதை வைத்து அவர்கள் அதைத் தடுக்கலாம், அகற்றலாம். போலியாக ஒட்டி உருவாக்கிய படத்துக்கும் இதைச் செய்யலாம். குறையும் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் சேராத தளங்களில் இது வேலை செய்யாது. வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதையும் இது தடுக்காது. ஆனாலும் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் உடற்காயத்தை மட்டும் சொல்லவில்லை. மனவேதனையையும் அச்சத்தையும் ஏற்படுத்துவதும் அதில் பகிடிவதைதான். பகிடிவதையின்போது பாலியல் தொல்லை கொடுத்தால் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு வார்த்தையால் செய்யும் பாலியல் தொல்லையையும் குற்றமாக்குகிறது. இன்னொருவரின் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வரும். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றொன்றும் வந்திருக்கிறது. தொல்லை கொடுக்கும் நோக்கத்துடன் ஒருவரின் தனிப்பட்ட தகவலை இணையத்தில் போடுவதை அது குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்தை நசுக்கும் என்று அந்தச் சட்டத்துக்கு நாட்டுக்குள்ளும் வெளியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் பழைய சட்டங்களே பெரும்பாலும் போதுமானவை.

எங்கே சொல்வது? சிறுவர்கள் தொடர்பாக 1929, பெண்கள் தொடர்பாக 1938. கணக்கு களவு போனது, போலிக் கணக்கு உருவாக்கப்பட்டது போன்ற விடயங்களுக்கு 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. இணையத்தில் பாதிக்கப்படும் பெண்களுக்கென்று ஹிதவதி என்ற சேவை இருக்கிறது. அங்கே தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கும். அங்கே முறைப்பாட்டைத் தமிழில் எழுதுவிக்கும்படி கேளுங்கள். வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பம் வைத்துவிட்டு வராதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். பழைய மாணவிகளில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், கிராம அலுவலர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் வரவேற்பே வேறு மாதிரி இருக்கும். இப்படி இருக்கக்கூடாது, ஆனால் இருக்கிறது.

இனி, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார் பக்கம் திரும்புகிறேன். இது பிள்ளைகளுக்கான பேச்சு என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இருக்கிறது.

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், மெல்பேர்ண் என்று எல்லா இடத்திலும் எங்கள் கல்லூரியின் வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் தனிக்குழு வேறு. ஒரு குழுவில் ஒருவரின் கணக்கு களவு போனால் என்ன நடக்கும்? உங்கள் வகுப்புத் தோழியின் பெயரிலும் படத்திலும் ஒரு செய்தி வரும்: "தவறுதலாக உன்ர போனுக்கு ஒரு கோட் அனுப்பிப்போட்டன், பாத்துச் சொல்லு." வந்திருப்பது ஆறு இலக்க எண். உங்கள் இலக்கத்தை வேறொரு போனில் பதிய யாரோ முயற்சிக்கும்போது வட்ஸ்அப் உங்களுக்கு அனுப்புகிற எண் அது. சொல்லிவிட்டால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் குழுவுக்குச் செய்தி போகும்: அம்மா ஆஸ்பத்திரியில், அவசரமாகக் காசு வேணும். அல்லது, நூற்றாண்டு விழா நிதிக்கு இந்த வங்கிக் கணக்குக்குப் போடுங்கோ. நூற்றாண்டு ஆண்டில் அப்படிக் கேட்டால் நம்பாமல் விடுவீர்களா?

ஏ9 வீதியில் போகிற வாகனம் முறிகண்டியில் நின்று கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும். எவ்வளவு அவசரமான சாரதியும் நிற்பார். காசு கேட்டு ஒரு செய்தி வந்தால் அப்படி ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஆளுக்கு நேரடியாக ஓர் அழைப்பு எடுங்கள். வட்ஸ்அப்பில் எடுக்காமல் சாதாரண அழைப்பாக எடுத்துக் குரலைக் கேளுங்கள். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: நிதி சேர்க்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தை வட்ஸ்அப் செய்தியாகப் பரப்பாமல், சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒருமுறை அறிவித்துவிட்டு, "இது மாறாது, மாறியதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள்" என்றும் எழுதிவிடுங்கள்.

கணக்கு போய்விட்டால் பதறத் தேவையில்லை. வட்ஸ்அப்பைத் திரும்ப நிறுவி உங்கள் இலக்கத்தைக் கொடுத்தால் புதிய எண் உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதைப் போட்டவுடன் அவன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரண்டாம் இரகசிய எண் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாட்கள் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். அந்த இரண்டாம் எண்ணை நீங்களே முந்திக்கொண்டு போட்டு வைத்தால் இந்தக் கரைச்சலே இல்லை. அமைப்புகளுக்குள் கணக்கு என்ற இடத்தில், இரு படிநிலைச் சரிபார்ப்பு என்று இருக்கும். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். போன் திருத்தக் கொடுத்த கடையிலோ வேறெங்கோ உங்கள் கணக்கை ஒரு கணினியில் இணைத்து வைத்திருந்தால் அங்கே தெரியும். தெரியாத சாதனம் இருந்தால் அகற்றிவிடுங்கள்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வன்னியில் படம் என்பது வேறு விடயம். 2009இல் எத்தனையோ வீட்டு அல்பங்கள் பதுங்கு குழிகளிலும் வீதியோரங்களிலும் விடப்பட்டுவிட்டன. தன் பிள்ளையின் ஒரேயொரு படத்தைச் சட்டமிட்டு மடியில் வைத்துக்கொண்டு 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் போராட்டத்தில் இருந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். அதனால் ஒரு பழைய வகுப்புப் படம் கிடைத்தால் உடனே எல்லோருக்கும் அனுப்பத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றும். பழைய படங்களை அனுப்புங்கள், மகிழ்ச்சி. இன்றைய பிள்ளைகளின் படங்களில் மட்டும் கொஞ்சம் கை இறுக்கமாக இருங்கள். நடனப் போட்டி, நீச்சல், விளையாட்டு விழா என்று படம் எடுத்து, பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் சேர்த்து முகநூலில் போடுகிறோம். மிரட்டுகிறவனுக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. மலர்க் குழுவுக்கும் இதைத்தான் சொன்னேன்: குழுப்படத்தைப் போடுங்கள், மாணவிகளின் தொலைபேசி இலக்கங்களையும் வீட்டு முகவரிகளையும் அச்சிட வேண்டாம். பழைய மாணவிகளின் விபரக் கொத்திலும் சம்மதம் தந்தவர்களின் இலக்கம் மட்டும் வரட்டும்.

தங்கைமாரே, உங்களில் சிலர் அடுத்த வருடம் பம்பைமடுவுக்குப் போவீர்கள். அது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. சிலர் அறிவியல் நகருக்கும், சிலர் பூந்தோட்டத்தில் இருக்கும் கல்வியியற் கல்லூரிக்கும், சிலர் பேராதனை, மொறட்டுவை என்று தூரத்துக்கும் போவீர்கள். போகும்போது ஒரு விடயத்தைச் செய்யுங்கள். நீங்கள் போகிற இடத்தில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவி ஒருவர் படிக்கிறாரா, படிப்பிக்கிறாரா என்று சங்கத்திடம் கேட்டு, அவருடைய இலக்கத்தை முதலே வாங்கிக்கொள்ளுங்கள். புதிய குழுவில் "அக்கா" என்று வருகிறவர் யார் என்று அவரிடம் கேட்டால் தெரியும். இரவு பத்து மணிக்கு ஓர் அழைப்பு வந்து உங்களுக்கு உடம்பு நடுங்கினால், அடுத்த அழைப்பு அவருக்குப் போகட்டும்.

சங்கம் இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கேட்கிறேன். நூறு வருடத்தின் ஞாபகமாக வளைவு கட்டுகிறோம், சிலை வைக்கிறோம். நல்லது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு பழைய மாணவிகள், கல்லூரிக்குள் ஓர் ஆசிரியை, என்ன சொன்னாலும் திட்டாமல் கேட்கக்கூடியவர்கள், அவர்களின் பெயரும் இலக்கமும் பிரியாவிடை நாளில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆட்களைத் தெரிவு செய்வதுதான் கஷ்டம். படித்தவர், பதவியில் இருப்பவர் என்பதற்காக ஒருவரைப் போடாதீர்கள். ஊர்க்கதையை ஊருக்குக் காவுகிறவரையும் தயவுசெய்து போடாதீர்கள். யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்று உயர்தரப் பிள்ளைகளிடமே இரகசியமாக எழுதி வாங்கினால் சரியான பெயர்கள் தாமாகவே வரும்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மதிய உணவுக்கு முன் கணினி அறையில் இரண்டு மாணவிகள் இருப்பார்கள். இரு படிநிலைச் சரிபார்ப்பைப் போடத் தெரியாத அக்காமார் போனோடு அங்கே போகலாம். எண்ணை நீங்களே அழுத்துங்கள், பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டாம். வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். கேள்வி இருந்தால் பெயர் எழுதாமல் ஒரு துண்டில் எழுதிப் போடுங்கள், பின்னேர அமர்வில் பதில் சொல்கிறேன். தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்காக மாலை நான்கு மணிவரை நூலகத்தின் உள் அறையில் இருப்பேன்.